இரண்டாவது கையொப்பம்

ஜூன் 2, திங்கள்

காலை 5.40க்கு எழுந்தேன். சரோஜினியின் மாத்திரைகளை இந்த வாரத்துக்குப் பிரித்துப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கோப்பு வந்தது. 27ஆம் தேதி நெறிமுறைக் குழு கூடுகிறது. அதில் நான் பொதுமக்கள் பிரதிநிதி. மருத்துவமும் விஞ்ஞானமும் தெரியாத ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதியாம். அதற்கு ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் பொருத்தம் என்று நினைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் பதினான்கு கூட்டங்கள். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்க நினைத்தவை தனி நோட்டில் இருக்கின்றன.

இந்த முறை விஷயம் பெரியது. கருவிலிருந்து எடுத்து நிலையத்தில் வளர்த்துவரும் ஸ்டெம் செல் வரிசை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கே-3. அதிலிருந்து விழித்திரைக்கு அடியில் இருக்கும் செல்களை உண்டாக்கி, முயல்களுக்கு வைத்துப் பார்த்தாகிவிட்டது. இப்போது ஆறு மனிதர்களின் கண்ணில் வைத்துப் பார்க்க அனுமதி கேட்கிறார்கள். கருவைக் கொடுத்த தம்பதியின் ஒப்புதல் படிவத்தைச் சரிபார்ப்பது என் பங்கு.

கோப்பு வருவதற்கு முன்பே டாக்டர் யாமினி தொலைபேசியில் அழைத்தார். கே-3ஐ வளர்ப்பவர் அவர்தான். "எல்லாம் கரெக்டா இருக்கு சார், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றார். சரியாக இருப்பதை ஏன் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

கோப்புடன் வந்த உறுதிமொழியில், "இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ பலன் உண்டா" என்ற கேள்விக்கு, வழக்கம்போல "இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

பால் நீர்த்திருந்தது. ஒருவேளை என் நாக்குதான் அப்படியோ. பால்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

படிவத்தை நான்கு முறை பார்த்தேன். நான்காவது முறை பூதக்கண்ணாடியுடன்.

பெயரும் முகவரியும் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருக்கின்றன. கையொப்பங்களை மறைக்க மறந்துவிட்டார்கள். இரண்டுமே தமிழில். மனைவி: மோ. கலாமணி. கணவர்: ப. மோகனவேல். தேதி, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பிப்ரவரி 11.

கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் தேர்வுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் துணை அலுவலராகவும் இருந்தேன். ஆள்மாறாட்டம் செய்தவர்களின் கையொப்பங்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். இரண்டு பெயரிலும் "மோ" வருகிறது. இரண்டிலும் அதன் கொம்பு கீழிருந்து தொடங்கி மேலே சுழிகிறது. இரண்டிலும் பேனா ஒரே இடத்தில் அழுந்தியிருக்கிறது. ஒரே கை.

யாருடைய கை? அந்தப் பெண்ணுடையதா, அல்லது இரண்டையுமே வேறொருவர் போட்டாரா? கரு கிடைத்தால் யாருக்கு லாபம்? பெயரை எழுத விரும்பவில்லை.

நான் தவறாகவும் பார்த்திருக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

சரோஜினிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

"ஏனுங்க, யார் மேல சந்தேகம் இப்ப?" என்றாள்.

"யார் மேலயும் இல்ல."

"பால்காரனா, வேற ஆளா?"

"என் மொகத்தப் பார்த்தா தெரியுதா?"

"மொகம் எங்க தெரியுது? நடுவுல நீங்களே இல்ல. ரெண்டு காது மட்டும் நிக்குது. காதே சொல்லுது."

அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை தேய்கிறது. ஓரத்தில் தெரியும், நேரே பார்த்தால் மறைந்துவிடும். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். எண்களை இன்னும் மனத்தில்தான் வைத்திருக்கிறாள். அதனால் இழப்பு பெரிதாகத் தெரியவில்லை என்று சொல்கிறாள். நான் நம்பவில்லை.

ஜூன் 9, திங்கள்

மூலப் படிவத்தைப் பார்க்க நிலையத்துக்குப் போனேன். கேட்பதற்கே நான்கு நாள் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் யாமினி உடனே எடுத்துக் கொடுத்தார். அந்தத் தம்பதியின் பழைய கருத்தரிப்புச் சிகிச்சைப் படிவத்தையும் கேட்டேன். "அது கிளினிக் பேப்பராச்சே சார்" என்று கொஞ்சம் தயங்கி, பிறகு அதையும் கொடுத்தார். அவர் தயங்கினாலும் எனக்குச் சந்தேகம் வருகிறது, தயங்காவிட்டாலும் வருகிறது. குறை என்னிடம் இருக்கலாம்.

பழைய படிவத்தில் கணவரின் கையொப்பம் வேறு மாதிரி இருந்தது. கரடுமுரடான, சாய்ந்த கையெழுத்து. ஆக, என் ஐயம் சரி. வெளியே சொல்லவில்லை.

"செல்லயும் பார்த்துட்டுப் போங்களேன்" என்றார் டாக்டர் யாமினி. அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே அழைத்துப் போனார்கள்.

கருத்தரிப்புச் சிகிச்சையில் மிஞ்சி உறைந்து கிடந்த கரு அது. ஐந்து நாள் வயது. முற்றுப்புள்ளியைவிடச் சிறியது, உள்ளே தண்ணீர் கோத்த பந்து போல இருக்குமாம். அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு கொத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதோடு கரு இல்லாமல் போயிற்று. அந்தக் கொத்தை, பெருகாமல் நிறுத்தி வைத்த எலிச் செல்களால் ஒரு படுக்கை விரித்து, அதன்மேல் விட்டார்கள். பிடித்துக்கொண்டது.

"தினமும் இந்தத் திரவத்த மாத்தணும் சார். ரோஸ் கலர்ல இருக்கும், பழசானா மஞ்சளாயிடும். ஞாயித்துக்கிழம, தீபாவளி எதுவும் கெடையாது. என் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு முகூர்த்தம் முடிஞ்சதும் ஓடி வந்துட்டேன்."

"மாத்தலைன்னா?"

"செத்துரும். இல்லன்னா அது இஷ்டத்துக்கு வேற எதாவது ஆயிடும்."

ஐந்து நாளுக்கு ஒருமுறை செல் கூட்டங்களைப் பிய்த்துப் புதுத் தட்டுகளில் நடுகிறார்கள். ஓரத்தில் அடங்காமல் உருமாறுகிறவற்றை உருப்பெருக்கியின் அடியில் ஒவ்வொன்றாகச் சுரண்டி எறிகிறார்கள். எதுவாகவும் ஆகக்கூடிய ஒன்றை எதுவாகவும் ஆகவிடாமல் வைத்திருப்பதுதான் வேலையே என்று புரிந்துகொண்டேன். பிறகு வேண்டும்போது, பெருகச் சொல்லும் சத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், எட்டுப் பத்து வாரத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளி தோன்றும். அவைதான் கண்ணுக்கான செல்கள். அவற்றைப் பொறுக்கி மெல்லிய படலத்தின்மேல் வளர்க்கிறார்கள்.

பார்த்தேன். அறுகோணக் கற்கள் பாவிய தரை போல, ஒவ்வொன்றும் பக்கத்துக் கல்லோடு இழைந்து, தேன் நிறத்தில். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. முகமூடிக்குள் மூச்சு வேர்த்தது.

தட்டில் கே-3 என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதை வைத்து என்ன நிச்சயம்? ஒரு தாளில் பொய் இருந்தால் பத்துத் தாளில் இருக்கலாம். கண்ணுக்குள் வைக்கப்போகிற பொருள்.

ஜூன் 10, செவ்வாய்

பழைய படிவத்தில் முகவரி மறைக்கப்படவில்லை. நான் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஊரும், தெருவும், கதவு எண்ணும் நினைவில் தங்கிவிட்டன. வேண்டுமென்று செய்ததல்ல.

ஜூன் 14, சனி

பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை என்று சரோஜினியிடம் சொல்லிவிட்டு 6.15 பேருந்தில் கிளம்பினேன். ஈரோட்டில் மாறி, திருச்செங்கோட்டில் இறங்கி, மறுபடி ஒரு நகரப் பேருந்து. அந்தத் தெருவைப் பத்து மணிக்குக் கண்டுபிடித்து, மூன்று முறை கடந்து போனேன். நான்காவது முறை, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணே கூப்பிட்டாள்.

"யாரத் தேடறீங்க? கொரியரா?"

கொரியரா என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஆராய்ச்சி நிலையத்துக் குழுவிலிருந்து வருகிறேன் என்றேன். அவள் முகம் மாறியது. குவளையைக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்க."

வயது முப்பத்தைந்து இருக்கும். கலாமணி அவள்தான். ஆறு வயதில் இரட்டைப் பெண்கள் இருக்கிறார்கள். நடன வகுப்புக்குப் போயிருந்தார்கள். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் துளைபோடுகிறவர். வருடத்தில் ஒன்பது மாதம் ஒடிசாவில், சத்தீஸ்கரில். மழை பிடித்தால்தான் வண்டி திரும்பும். பிப்ரவரியில் எந்த ரிக் வண்டியும் ஊரில் இருக்காது என்பது அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும்.

மோர் கொடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மோரைப் பற்றிப் பேசினேன். பிறகு கேட்டேன்.

"அந்த பாரத்துல உங்க வீட்டுக்காரர் கையெழுத்த யாரும்மா போட்டாங்க? டாக்டரம்மா போடச் சொன்னாங்களா?"

"அவிய எதுக்குங்க சொல்றாங்க? நாந்தான் போட்டேன்."

"அவர் பேர?"

"ஆமாங்க." என்னைப் பார்த்தாள், இது ஒரு கேள்வியா என்பது போல. "புள்ளைங்க ஸ்கூல் ரிப்போர்ட்டு, கேஸ் சிலிண்டர் புக்கு, பேங்க் பாரம் எல்லாத்துலயும் நாந்தான் போடறேன். இந்தத் தெருவுல போயி கேளுங்க. எல்லாப் பொம்பளைங்களும் அவியவிய வூட்டுக்காரர் கையெழுத்தப் போடுவோம். போடுன்னு சொல்லீட்டுத்தான் அவிய வண்டி ஏறுவாங்க. கிளினிக்ல வெளியூர்ல இருக்காருன்னா பாரத்த வூட்டுக்குக் கொண்டு போங்கன்னாங்க. கொண்டாந்து போட்டுக் குடுத்தேன்."

"இதையும் போடச் சொன்னாரா?"

எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"கொட்டச் சொல்லீருன்னாருங்க. நமக்குத்தான் ரெண்டு இருக்குதே, எதுக்கு அது ஐஸ்ல கெடக்குதுன்னு போன்ல சொன்னாரு. எனக்கு மனசு வரல. எத்தன ஊசி, எத்தன தடவ படுத்து எந்திரிச்சு... அதைப் போயி கழுவற தொட்டியில ஊத்திருவாங்களாமா? ஆராச்சிக்குக் குடுக்கலாம்னாங்க. குடுத்தேன். வூட்டுக்காரர்கிட்ட கொட்டியாச்சுன்னுட்டேன்."

எனக்கு என்ன தோன்றியது என்பதை நேர்மையாக எழுத வேண்டும். ஏமாற்றமாக இருந்தது. பத்து நாளாக ஒரு குற்றவாளியைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"இன்னும் இருக்குதுங்களா?" என்றாள்.

இருக்கிறது என்றேன். அது இனி குழந்தை ஆகாது என்று முதலில் சொன்னேன். தெரியும் என்றாள். தினமும் திரவம் மாற்றுவதை, ஐந்து நாளுக்கொருமுறை பிரித்து நடுவதை, பழுப்புப் புள்ளிகளை, தேன் நிறத் தரையைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தெனமுமா? ஒரு நாளும் வுடாமலா?"

"ஒரு நாளும் விடாம."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இப்ப நீங்க சொல்லீருவீங்க, ஆராச்சிக்காரங்க எல்லாத்தையும் கொட்டீருவாங்க, அப்படித்தானுங்களே?" என்றாள்.

விதிப்படி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் போடாவிட்டால் கொடையே செல்லாது. சொன்னேன்.

"நீங்க எதுக்கு சார் வந்தீங்க?" என்றாள்.

விதியைப் பற்றி மறுபடி ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

எங்கும் போகவில்லை. யார் கேட்டாலும் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். சொல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது தாளில் வாக்கியங்கள் நன்றாக வந்தன. கிழித்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

சரோஜினியைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணில் இன்னும் ஆறேழு மாதம் அவகாசம் இருக்கலாம் என்றார் மருத்துவர். தனியாக என்னிடம், "அந்த ட்ரையலுக்கு அப்ரூவல் கிடைச்சா, உங்க வீட்டம்மா பேர் லிஸ்ட்ல நாலாவதா இருக்கு" என்றார்.

ஆம், அந்த ஆறு பேர் சோதனைதான். பட்டியல் ஜனவரியில் தயாரானது. படிவத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்தேன். சரோஜினிக்கு எழுத்து தெரிவதில்லை.

ஆகவே ஜூன் 2 அன்று நான் எழுதிய "இல்லை" சரியல்ல.

ஜூன் 24, செவ்வாய்

கலாமணி அழைத்தாள். நான் எண் கொடுத்துவிட்டு வந்ததை எழுத விட்டுப்போயிற்று.

"வூட்டுக்காரர்கிட்ட சொல்லீட்டேனுங்க சார்."

"என்ன சொன்னார்?"

"போன வெச்சுட்டாரு. அப்புறம் அவரே கூப்பிட்டாரு. ரெண்டு நிமிசம் மிஷின் சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம், என் பேரப் போட்டு என்னயவே ஏமாத்தீட்டியேன்னாரு. வெச்சுட்டாரு."

என்னால் வந்தது என்றேன். அவள் மறுக்கவில்லை.

"நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க சார். நான் மறைச்சுட்டே இருக்க முடியாது. ஆனா அவசரப்பட்டுக் கொட்டீராம, அவிய மழைக்கு வர்ற வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லுங்க. அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

ஜூன் 27, வெள்ளி

கூட்டம் 10.30க்கு. எழுதி வைத்ததைப் படித்தேன்.

ஒன்று, என் உறுதிமொழி பொய்; சோதனைக்கான பட்டியலில் என் மனைவியின் பெயர் இருக்கிறது. இரண்டு, கே-3க்கான ஒப்புதலில் இரண்டாவது கையொப்பம் கணவருடையதல்ல. மூன்று, இதைத் தெரிந்துகொள்ள நான் ரகசிய முகவரியைப் பயன்படுத்தினேன். நிலையத்தில் யாரும் தவறு செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் கேட்டதையும் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு வருஷத்துல மொத தடவ பேசறீங்க. மொத்தமாப் பேசீட்டீங்க. கொஞ்சம் வெளிய இருங்க சார்."

ஒரு மணி ஐம்பது நிமிடம் வெளியே உட்கார்ந்திருந்தேன். முடிவைச் செயலாளர் வந்து சொன்னார். கே-3 வளர்ப்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது. கணவரை நேரில் வரவழைத்து, ஒரு முழு நாள் யோசிக்க விட்டு, அதன் பிறகே பதில் கேட்பது. அவர் மறுத்தால் ஒரு குப்பிகூட மிச்சமில்லாமல் அழிப்பது. அதுவரை சோதனை இல்லை. என்னைக் குழுவிலிருந்து விடுவிக்கிறார்கள்.

படியில் டாக்டர் யாமினி நின்றிருந்தார். அழுதிருந்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"எம்மேலதான சார் சந்தேகப்பட்டீங்க?"

"ஆமாம்மா."

"நேரா கேட்டிருக்கலாமே. ஒரு ஃபோன்ல முடிஞ்சிருக்கும். அந்தம்மா வீடு வரைக்கும் போயி..." கீழே இறங்கிப் போனார்.

நான் உண்மைக்காகப் பேசினேனா, முடிவெடுக்கும் பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டுவதற்காகப் பேசினேனா? வீடு வரும்வரை யோசித்தேன். தெரியவில்லை.

ஜூன் 28, சனி

சரோஜினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருச்செங்கோடு, கூட்டம், பட்டியல். ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. இந்த நோட்டிலும் அதை எழுதவில்லை. ஜனவரியில் பட்டியலுக்கான படிவத்தில் நோயாளியின் கையொப்பம் என்ற இடத்தில் அவள் பெயரை நான்தான் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை.

"எப்படிப் போட்டீங்க?" என்றாள்.

"உன்ன மாதிரியே."

"அதான் எப்படி? இனிஷியலோடவா?"

"இனிஷியலோட."

"நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து சரோஜினின்னு மட்டும்தான் போடறேன். நெசமாலுமே பரீச்ச ஆபீஸ்லதான் இருந்தீங்களா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும்.

"அந்தப் புள்ளையாவது புருஷன் என்ன நெனைக்கறான்னு கேட்டுட்டுத்தான் மாத்திப் போட்டா. நீங்க கேக்கவே இல்லையே."

"வேண்டாம்னு சொல்லீருவியோன்னு..."

"அதத்தான் சொல்றேன்."

மாலை ஐந்து மணிக்கு மருத்துவமனையை அழைத்து, அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது இடம் போய்விடுமே என்றார்கள். போகட்டும் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

ஒன்றுமில்லை. மாத்திரைகளைச் சரோஜினி தானே தடவிப் பார்த்துப் பிரித்து வைத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

கலாமணி அழைத்தாள். வண்டி திரும்பிவிட்டது. மோகனவேல் வந்து எட்டு நாளாகிறது.

"எங்கூடப் பேசறதில்லீங்க. புள்ளைங்ககிட்டச் சொல்லித்தான் சோறு கேக்கறாரு. இனிமே என் பேர நீ எதுலயும் போடாதேன்னாரு. சரி, அப்ப ஒடிசாலருந்து வந்து நீங்களே கேஸ் சிலிண்டர் புக் பண்ணுங்கன்னேன்."

"நிலையத்துக்குப் போனாரா?"

"புதன்கெழம ரெண்டு பேரும் போனோம். அந்த டாக்டரம்மா ஒரு மணி நேரம் பொறுமையாச் சொன்னாங்க. உறைய வெக்கறதுக்கு முன்னாடி எடுத்த படத்தக் காட்டுனாங்க. இவரு பார்த்துட்டு, நம்ம புள்ளைங்க சாயல் எதும் தெரியலையேன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவருக்கும். பாரத்த வாங்கீட்டு வந்துட்டாரு. ஒரு நாளாச்சும் யோசிக்கோணும்னாங்களே. ராத்திரியெல்லாம் அத வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. நேத்துத் தனியாவே போயி போட்டுக் குடுத்துட்டு வந்தாரு. எதுக்குப் போட்டாருன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல."

அவர் குரலையே நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சோதனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று கண் மருத்துவமனையிலிருந்து தகவல். பட்டியலில் ஒருவர் தகுதி பெறாததால் ஆறாவது இடம் காலியாம். விருப்பமிருந்தால் நோயாளியே கையெழுத்திட்ட படிவம் வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்கள். கையொப்ப விஷயம் அங்கும் பரவியிருக்கிறது.

பதினொரு பக்கம். சரோஜினிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பார்வை வராமலே போகலாம், இருப்பதும் போகலாம், செல்கள் கட்டியாக வளரலாம், உடம்பு ஏற்காமல் போகலாம். அந்த இடங்களில் என் குரல் தானாகத் தாழ்ந்தது. "சத்தமாப் படிங்க" என்றாள். ஏழாம் பக்கத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாள்.

முடித்ததும் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கோடு இருக்கும் இடத்தைக் காட்ட அவள் விரலைப் பிடித்தேன். விரலை விடுவித்துக்கொண்டாள்.

"அந்த ரிக்குக்காரர் எத்தன நாள் யோசிச்சாரு?"

"ஒரு நாள்."

"எனக்கும் ஒரு நாள் வேணும்."

"இடம் ஒண்ணுதான் இருக்கு. நாளைக்குள்ள வேற யாராவது..."

"வந்தா வரட்டும்."

பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தேன். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் அவளே அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்து எதையாவது ஊகித்துவிடுவேனோ என்று பயந்து, எழுந்து வெளியே வந்துவிட்டேன்.